பினாங்கில் ஒரு பகல்

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல்கள் பினாங்கில் ஒரு பகல் நின்று போகும். இறங்குதுறை ஜார்ஜ்டவுனை ஒட்டியே இருப்பதால் வண்டிகூடத் தேவையில்லை. நாமும் இறங்கினோம். 2012-இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகளின் சுவரோவியத்தின் முன் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். லிட்டில் இந்தியாவில் தோசை தின்று, ‘நம்ம ஊர் மாதிரியே இருக்கு’ என்று சொல்லிவிட்டு, மணி பார்த்துக்கொண்டே கப்பலுக்குத் திரும்பினோம்.

சூலியா தெரு முனையில் சிறிய நாகூர் தர்கா ஒன்று உண்டு. நாகூர் மகானான எஜமானை நம்பிக் கடல் தாண்டி வந்த நம் கரையோர மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுப்பியது. அதைக் கடந்துதான் நாசி கண்டார் கடைக்குப் போனோம். தோள்கம்பின் இரு முனையிலும் சோறும் குழம்பும் தொங்க, துறைமுகத் தொழிலாளிகளைத் தேடிப் போய் விற்ற தமிழ் முஸ்லிம்களின் பிழைப்பு அது. குழம்பில் காரம் போதுமா என்பதில் நமக்குள் நெடுநேரம் தர்க்கம் நடந்தது. வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

கூ கொங்சிக்கு மட்டும் டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். சீனாவின் ஒரே ஊரிலிருந்து வந்த ஒரு குலத்தார் தங்கள் முன்னோருக்கு எழுப்பிய மாளிகை. 1906-இல் இப்போதைய வடிவம் பெற்றது. அவர்கள் வம்சத்தைக் கட்டிக் காத்திருக்கும் விதத்தைப் பார்த்து வாய்பிளந்தோம். நம்மில் எத்தனை பேருக்குப் பாட்டனின் தகப்பன் பெயர் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சங்கடமாகியிருக்கும்.

இதைவிடப் பெரிய பாக்கி ஒன்றும் இருக்கிறது. 1802-இல் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியையும் பாளையக்காரர் போரில் பிடிபட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்களையும் கம்பெனி தூத்துக்குடியில் கப்பலேற்றியது இந்தத் தீவுக்குத்தான். மருது சகோதரர்களோடு போரிட்ட ஆங்கிலப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், பல ஆண்டுகளுக்குப் பிறகு பினாங்கில் துரைச்சாமியைக் கண்டதைத் தன் நினைவுக்குறிப்புகளில் எழுதிவைத்தார். எதிரிப் படைக்காரனுக்கு இருந்த அந்தக் கரிசனம் நமக்கு இல்லை. ஆண்டுதோறும் காளையார்கோவிலில் குருபூசைக்குக் கார்கள் அணிவகுக்கின்றன. மருதிருவர் படம் ஒட்டிய காரில் விமான நிலையம் போய், பினாங்கில் இறங்கி, டுரியான் வாங்கித் தின்று திரும்பியவர்களும் நம்மவர்களே. அந்தப் பிள்ளை எங்கே கிடந்தான், பிறகு என்ன ஆனான் என்று ஒரு வழிகாட்டியையாவது கேட்டிருக்கலாம்.

மலேசியத் தமிழர்கள் தங்களால் ஆனதைச் செய்திருக்கிறார்கள். கோயில்களைக் காத்தார்கள், தைப்பூசத்தில் செட்டியார்களின் வெள்ளித்தேர் இன்றும் வீதிக்கு வருகிறது. ஆனால் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியபின், 2000 தொடக்கத்தில், பழைய நகரத்தின் பல வீடுகளிலிருந்து ஏழைக் குடித்தனக்காரர்கள் வெளியேற வேண்டிவந்தது. எட்டு ஆண்டு கழித்து யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ்டவுன் சேர்ந்ததைப் படித்து, ‘ஒருமுறை போய் வரணும்’ என்றோம்.

இந்தக் கதைகளைக் கேட்கக் கப்பலேறி அவ்வளவு தூரம் போவானேன்? ‘ராஜுலா’ கப்பல் 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. டெக் டிக்கெட்டில், பாயும் டிரங்குப் பெட்டியுமாக நம் ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். அவர்களின் கடிதங்களையும் பழைய பாஸ்போர்ட்டுகளையும் வீடு இடிக்கும்போது பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டது நாம்தான். ராஜுலாவின் ஓட்டம் 1973-இல் நின்றது. அப்போது கைக்குழந்தையாக வந்தவருக்கே இன்று ஐம்பது தாண்டிவிட்டது. பெரியவர்களாகப் பயணம் செய்தவர்களில் சிலராவது நாகூரிலும் காரைக்காலிலும் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். போன பண்டிகைக்கு ஊருக்குப் போனபோதும் அவர்களிடம் நாம் விசாரித்தது முழங்கால் வலியைத்தான்.