விடுமுறைக்கு ஒரு கதை, ஒரு வரலாறு



பாடசாலை விடுமுறை வந்தால் உம்மாமாருக்கு வேலை இரட்டிப்பாகும். ஆனாலும் ளுஹர் தொழுது, சாப்பாடு முடிந்து, அஸருக்கு பாங்கு சொல்லும் வரை ஒரு சிறு ஓய்வு கிடைக்கத்தான் செய்கிறது. அந்த நேரத்தில் வாசிப்பதற்கு ஒரு நாவலையும் ஒரு வரலாற்று நூலையும் சிபாரிசு செய்யுங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் பிரசுரிக்க இடமில்லை. காரணத்தோடு சொல்லப்பட்டவற்றைத் தெரிந்தெடுத்து, எமது கருத்தையும் சேர்த்துத் தருகிறோம்.

நமது முதல் நாவல்

கண்டிச் சகோதரி ஒருவர் சிபாரிசு செய்திருப்பது சித்தி லெப்பையின் ‘அஸன்பேயுடைய கதை’. 1885இல் வெளிவந்த இந்நூலே இலங்கையின் முதல் தமிழ் நாவல். தமிழகத்தில் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வந்தது. ஆறே ஆண்டுகளில் நம்மவர் ஒருவர் நாவல் எழுதிவிட்டார் என்பது நமது பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்?

மிஸ்ர் தேசத்தில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே களவாடப்பட்டு, இந்தியாவில் வளரும் ஒரு பிள்ளையின் கதை இது. மிஸ்ர் தேசம் ஏன் வந்தது என்று பிள்ளைகள் கேட்டால் வரலாற்றைச் சொல்லுங்கள். ஆங்கிலேயருக்கு எதிராக நின்ற அறபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். இரண்டு ஆண்டுகளின் பின் இந்த நாவல் வந்தது. சித்தி லெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவர். கண்டியில் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தவரும் அவர்தான். பழைய நடைதான், முதல் பத்துப் பக்கங்களைப் பொறுமையோடு கடந்துவிட்டால் பிறகு கதை இழுத்துக்கொண்டு போகும்.

புத்தளத்தில் இறங்கிய பயணி

வரலாற்று நூலாக இப்னு பதூதாவின் பயண நூலைச் சொல்லியிருக்கிறார் புத்தளத்துச் சகோதரி ஒருவர். மாலைதீவில் காழியாக இருந்துவிட்டு, 1344இல் அவர் வந்து இறங்கியது புத்தளத்தில். அங்கே அப்போது ஆரியச் சக்கரவர்த்தி ஆட்சியில் இருந்தான். அந்த மன்னனுக்குப் பாரசீக மொழி விளங்கியது. பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்று பயணி கேட்டதும், பல்லக்கும் கொடுத்து, நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், அரசனின் ஆட்கள் பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர் என்று ஒரு கூட்டத்தையே கூட அனுப்பி வைத்தான்.

காட்டில் அட்டை கடித்ததையும், அதன் மீது எலுமிச்சம் புளி பிழிந்ததையும் கூட அவர் எழுதாமல் விடவில்லை. சிறு பிள்ளைகளுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். கிப் என்பவர் 1929இல் ஆங்கிலத்தில் தந்த சுருக்கப் பதிப்பு நூலகங்களில் கிடைக்கும். உயர்தரம் படிக்கும் மகள் வாசித்துத் தமிழில் சொல்ல, மற்றவர்கள் கேட்கலாம்.

உப்பப்பாவின் ஆனை

பேருவளையிலிருந்தும் மாவனல்லையிலிருந்தும் வந்த இரண்டு கடிதங்கள் ஒரே நாவலைச் சொல்கின்றன. வைக்கம் முகம்மது பஷீர் மலையாளத்தில் 1951இல் எழுதிய ‘எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’. தமிழிலும் வந்திருக்கிறது. செல்வம் போய், வழக்கில் சொத்தும் போய், சின்னஞ்சிறு வீட்டுக்கு வந்த பிறகும், தன் வாப்பாவிடம் ஆனை இருந்த பெருமையை விடாமல் பேசிக்கொண்டிருக்கும் ஓர் உம்மா. எழுத்து வாசனையே இல்லாமல் வளர்ந்த மகள் குஞ்ஞுபாத்தும்மா. அவளுக்கு எழுத்தறிவிப்பவள் அடுத்த வீட்டுக்கு வந்த ஆயிஷா என்ற பெண். அந்த ஆனை எந்த ஆனை என்பதைக் கடைசிப் பக்கங்களில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காமல் இருக்க முடியாது.

சிரித்து முடிந்ததும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நமது வீடுகளிலும் இப்படி ஆனைகள் உண்டு. “எங்கட பாட்டன் அறபு நாட்டிலிருந்து வந்தவர்” என்போம். எந்த ஆண்டு வந்தார், என்ன தொழில் செய்தார், யாரை மணம் முடித்தார் என்று பிள்ளை கேட்டால் பதில் இல்லை. வரலாறு வாசிக்காத வீட்டில் பழம்பெருமை எல்லாம் உப்பப்பாவின் ஆனைதான்.

நாவல் கூடாதா?

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தாய் சற்றுக் கோபமாகவே எழுதியிருக்கிறார். “குமர்ப் பிள்ளைகளுக்கு நாவல் கொடுத்துக் கெடுக்காதீர்கள், வரலாறு மட்டும் போதும்” என்கிறார். அவருடைய கவலையை நாம் மதிக்கிறோம். கையில் கிடைப்பதையெல்லாம் பிள்ளைக்குக் கொடுக்க முடியாதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வரலாற்று நூல்களைப் புரட்டினால் அரசர்களும் வணிகர்களும் தலைவர்களும் வருவார்கள். அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தவள், பிள்ளை பெற்றவள், கப்பலில் போனவனுக்காகக் காத்திருந்தவள் எங்கே? அவளைத் தேடினால் பெரும்பாலும் கதைகளில்தான் கிடைக்கிறாள்.

நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் என்றொரு பெண்மணி இருந்தார். பாடசாலைப் படிப்பு மூன்றாம் வகுப்பு மட்டுமே. அவர் எழுதிய ‘காதலா கடமையா’ என்ற நாவல் 1938இல் வெளிவந்தபோது அதற்கு முன்னுரை வழங்கியவர் உ.வே. சாமிநாதையர். தலைப்பைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை ஒளித்து வைக்கும் தாய்மார் முதலில் தாங்களே வாசித்துப் பார்க்கட்டும்.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) பற்றி மூன்று கடிதங்கள் வந்தன. இரண்டு, கட்டாயம் வாசியுங்கள் என்கின்றன. ஒன்று, வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம் என்கிறது. ஆசிரியை பருவமடைந்ததும் படிப்பு நிறுத்தப்பட்டு, வீட்டாருக்குத் தெரியாமல் எழுதியவர். நான்கு சுவர்களுக்குள் பெண்கள் தமக்குள் பேசிக்கொள்வதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். பதினான்கு வயதுப் பிள்ளைக்குரிய நூல் அல்ல. மணமான சகோதரிகள் வாசிக்கலாம் என்பதே எமது கருத்து. எழுதியதெல்லாம் சரி என்று ஏற்க வேண்டியதில்லை. ஆனால் வாசிக்காமல் தீர்ப்புச் சொல்வதும் நியாயமாகாது.

1915க்குப் பிறகு?

கொழும்பிலிருந்து ஓர் ஆசிரியை சிபாரிசு செய்த வரலாற்று நூல் கலாநிதி லோர்னா தேவராஜா ஆங்கிலத்தில் எழுதி 1994இல் வெளிவந்த ‘இலங்கை முஸ்லிம்கள்: இன நல்லிணக்கத்தின் ஆயிரம் ஆண்டுகள், 900-1915’. எழுதியவர் ஒரு சிங்களப் பெண்மணி. போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை 1626இல் விரட்டியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் கொடுத்ததையும், நம்மவர் அரச வைத்தியர்களாக இருந்ததையும் அதில் வாசிக்கும்போது மனம் நிறையும்.

நூல் 1915இல் நிற்கிறது. அது கலவரம் நடந்த ஆண்டு. அதற்குப் பிறகு நடந்ததை யார் எழுதுவது என்று அதே ஆசிரியை கேட்கிறார். அந்தக் கேள்விக்கு இன்னொரு கடிதமே பதில் போல் இருந்தது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அப்போது சிறுமியாக வெளியேறிய ஒரு சகோதரி எழுதுகிறார்: “எந்த நூலைச் சொல்வேன்? வாப்பாவின் புத்தக அலுமாரியைப் பூட்டி, சாவியை உம்மா இடுப்பில் செருகிக்கொண்டு வந்தா. சாவி இன்னும் இருக்கு. அலுமாரியில் என்ன இருந்தது என்று சொல்லக்கூடியவர் உம்மா மட்டும்தான்.”

இந்தச் சகோதரியிடம் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்தப் புத்தகங்களின் பெயர்களை உம்மாவிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். அதுவும் வரலாறுதான். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் முஸ்லிம்களைத் தமிழரே என்று எழுதினார். அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸின் மறுப்பு நூல் வந்தது 1907இல். பத்தொன்பது ஆண்டுகள். நாம் எழுதாவிட்டால் நம்மைப் பற்றிப் பிறர் எழுதுவார்கள். பிறகு பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சில யோசனைகள்

ஒரு நாவல் எடுத்தால் அதோடு ஒரு வரலாற்று நூலும் எடுங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். தைத்துக்கொண்டும் கேட்கலாம், மரக்கறி நறுக்கிக்கொண்டும் கேட்கலாம். ஆண் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். புத்தகம் வாங்க வசதியில்லாதவர்கள் பிரதேச நூலகத்தில் அங்கத்தவராகச் சேருங்கள். கைத்தொலைபேசி உள்ளவர்கள் ‘நூலகம்’ இணையத்தளத்தில் இலங்கையின் பழைய தமிழ் நூல்கள் பலவற்றைப் பணமின்றி வாசிக்கலாம்.

விடுமுறை முடிவதற்குள் ஒரு கொப்பி வாங்கி, வீட்டில் இருக்கும் மூத்தம்மாவிடம் அவ பிறந்த ஊர், கலியாணம் முடித்த ஆண்டு, அவட உம்மாவின் பெயர் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். பேரப் பிள்ளைகள் நாலு பக்கம் எழுதினாலும் போதும். அடுத்த முறை வரலாற்று நூல் சிபாரிசு செய்யும்போது அந்தக் கொப்பியையும் சேர்த்துக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.