கணக்குக் கேட்பது துரோகமல்ல

“உந்தக் கரிப் பிரச்சினை வெள்ளைக்காரன்ரை பொழுதுபோக்கு. எங்கடை சனம் நிலமில்லாமல் நிக்குது, இவை இஞ்சை காத்துக்கு அழுகினம்.” நிலக்கரிக்கு எதிரான ஊர்வலமொன்றின் துண்டுப்பிரசுரத்தை எம்மவர் கையில் கொடுத்தால் வருகிற பதில் பெரும்பாலும் இதுதான். இந்தப் பதிலை நாம் முற்றாக மறுக்கிறோம். நிலமிழந்தவர்களுக்கு நிலக்கரியைப் பற்றிப் பேச உரிமை மட்டுமல்ல, காரணமும் உண்டு.

லைப்சிக் நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவில் லிப்பென்டோர்வ் அனல்மின் நிலையம் இருக்கிறது. அது எரிப்பது பழுப்பு நிலக்கரி. பாதி ஈரமும் பாதி கரியுமான இந்த எரிபொருளில் ஒரு கிலோவோட் மணி மின்சாரம் எடுக்க ஒரு கிலோவுக்கு மேல் கரியமிலவாயு வெளியேறுகிறது. தூரத்துக்கு ஏற்றிச்செல்ல இது கட்டுபடியாகாது. எனவே நிலையத்துக்குப் பக்கத்திலேயே தோண்ட வேண்டும். தோண்டுவதற்கு ஊர்கள் போகவேண்டும்.

அப்படிப் போன ஊர்களில் ஒன்று ஹொயர்ஸ்டோர்வ். ஊரவர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்களில் வழக்காடினார்கள். சக்சனி மாநிலம் அந்த ஒரு ஊரை இல்லாமற் செய்வதற்கென்றே சட்டம் இயற்றியது. 2007 ஒக்டோபரில் அந்த ஊரின் பழைய தேவாலயத்தை அப்படியே பெயர்த்துப் பாரவண்டியில் ஏற்றி, 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் போர்னாவில் கொண்டுபோய் வைத்தார்கள். உலகமே வந்து படம் பிடித்தது. தேவாலயத்துக்குச் சில்லுப் பூட்ட முடிந்தது, ஊருக்குப் பூட்ட முடியவில்லை. கிழக்கே லவுசிட்ஸ் பகுதியில் இப்படிப் போன ஊர்கள் நூற்றுக்கு மேல். அவற்றிற் பல, தமக்கெனத் தனிமொழி பேசும் சோர்ப் சிறுபான்மையினரின் ஊர்கள். ஊர் போகும்போது மொழியும் போகிறது என்பதை எமக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனிச் சம்பூரைப் பார்ப்போம். 2006இல் எறிகணை வீச்சுக்கு அஞ்சிச் சம்பூர் மக்கள் ஓடினார்கள். அவர்கள் முகாம்களில் இருக்கும்போதே, அதே ஆண்டு டிசெம்பரில், அங்கு நிலக்கரி மின்நிலையம் கட்ட இந்தியத் தேசிய அனல்மின் கழகத்துடன் இலங்கை அரசு உடன்படிக்கை செய்தது. 2007இல் அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. முதலில் எறிகணை, பிறகு வர்த்தமானி, பிறகு அபிவிருத்தி. ஊரவரும் சூழலியல் அமைப்புகளும் விடாமல் எதிர்த்த பின்னர், 2016 செப்டெம்பரில் திட்டத்தைக் கைவிடுவதாக உயர் நீதிமன்றத்தில் அரசு சொன்னது. நுரைச்சோலைக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. சீனக் கடனில் கட்டிய 900 மெகாவோட் நிலையத்தின் சாம்பலோடு அந்தக் கரையோர மக்கள் வாழ்கிறார்கள்.

ஹொயர்ஸ்டோர்வும் சம்பூரும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. இங்கே நட்டஈடு கொடுத்தார்கள், அங்கே குண்டு போட்டார்கள். ஆனால் இரண்டு இடத்திலும் எழுப்பும் மனிதரிடம் சொல்லப்பட்ட சொல் ஒன்றே: பொதுநலம். அந்தப் பொதுவில் நாம் இருக்கிறோமா என்று கேட்பதுதான் அரசியல்.

அதைக் கேட்டவர்கள் இங்கே இருந்தார்கள். லைப்சிக்கின் தெற்கில் எஸ்பென்ஹைன் என்றொரு கரித் தொழிற்சாலை, அதன் புகைக்குள் மூழ்கிய மோல்பிஸ் என்றொரு கிராமம். கிழக்கு ஜேர்மனியில் ஆட்சிக்கு எதிராகக் கையெழுத்துச் சேர்ப்பது ஆபத்து. 1988இல் ரோத்தாவின் தேவாலயச் சூழலியல் குழுவொன்று ஒரு வழி கண்டது: ‘எஸ்பென்ஹைனுக்கு ஒரு மார்க்’. ஆளுக்கொரு மார்க் நன்கொடை, கொடுத்ததற்கு ஒரு கையெழுத்து. பல்லாயிரம் பேர் கொடுத்தார்கள். ஆலையைத் திருத்து, நாங்கள் பங்கு தருகிறோம் என்று அரசிடம் சொன்னார்கள். ஒவ்வொரு மார்க்கும் ஒரு கேள்வி. 1989 ஒக்டோபர் 9இல் இந்த நகரத்தின் தெருவில் இறங்கிய எழுபதினாயிரம் பேருக்குப் பின்னால் இந்தக் கேள்விகளும் இருந்தன.

எம்மிடமும் காசு சேர்த்தார்கள். குசினியில் கோப்பை கழுவிய காசு, வட்டிக்கு எடுத்த காசு. ஆனால் அங்கே காசு கொடுத்தவன் கேள்வி கேட்டான், எம்மிடத்தில் கேள்வி கேட்டவன் துரோகியானான். கணக்குக் கேட்கும் பழக்கத்தை எம்மவரிடமிருந்து திட்டமிட்டுப் பிடுங்கினார்கள். அதனால்தான் இன்று எமது சம்பளத்தில் வெட்டும் வரி எங்கே போகிறது என்று கேட்பதும் சிலருக்கு வெள்ளைக்காரப் பழக்கமாகத் தெரிகிறது.

அந்த வரி எங்கே போகிறது? 2020இல் நிறைவேறிய சட்டப்படி ஜேர்மனி பிந்தினால் 2038க்குள் நிலக்கரியைக் கைவிட வேண்டும். கரிப் பிரதேசங்களின் மாற்றத்துக்கு 4000 கோடி யூரோ வரை பொதுப்பணம். ஆர்.டபிள்யூ.ஈ. கம்பனிக்கு 260 கோடி, லெயாக் கம்பனிக்கு 175 கோடி யூரோ நட்டஈடு. ஊரை அழித்தவனுக்கு, அழிப்பதை நிறுத்துவதற்கு நட்டஈடு! பழைய கிழக்கு ஜேர்மன் சுரங்கக் குழிகளைத் திருத்துவதற்கும் 1990களிலிருந்து ஆயிரம் கோடி யூரோவுக்கு மேல் பொதுப்பணம் போயிருக்கிறது. லைப்சிக் மக்கள் கோடையில் நீந்தும் கொஸ்புடன் ஏரியும் அப்படியொரு குழிதான். நல்லது, ஏரி எமக்கும் பிடிக்கும். ஆனால் கரி மலிவு என்று இனி யாரும் சொல்லக்கூடாது. விலைச்சீட்டை அடுத்த தலைமுறையின் சட்டைப்பையில் வைத்தால் எதுவும் மலிவுதான்.

இளம் பசுமைவாதிகளோடும் எமக்குச் சண்டையுண்டு. 1990க்குப் பிறகு இந்தப் பகுதியில் பல பத்தாயிரம் சுரங்க, ஆலைத் தொழிலாளர் ஒரு சில ஆண்டுகளில் வேலையிழந்தார்கள். அந்தக் காயத்தைக் கணக்கில் எடுக்காமல் ‘மூடு, மூடு’ என்று மட்டும் கத்தினால், அந்தத் தொழிலாளியை அகதிக்கு எதிராகத் திருப்ப வேறொருவன் காத்திருக்கிறான். அதன் விலையை முதலில் கொடுப்பவர்கள் நாங்கள். பச்சை என்ற பெயர் மட்டும் நியாயத்துக்குச் சான்றுமல்ல. 2025இல் திருகோணமலை முத்துநகர் விவசாயிகள் தங்கள் வயல்நிலம் சூரியமின் திட்டத்துக்குப் போவதை எதிர்த்துப் போராடினார்கள். நிலத்தைப் பறித்துக் கிடைப்பது சூரியஒளியானாலும் பறிப்பு பறிப்புத்தான்.

ஆகவே எமது கோரிக்கை எளியது. பொதுப்பணம் கம்பனியின் பங்குதாரருக்கு முன் தொழிலாளிக்கும் ஊருக்கும் போகட்டும். வாடகை வீட்டின் வெப்பக் கட்டணம் ஏறாதபடி மாற்றம் நடக்கட்டும். குடியிருப்பவரின் சம்மதமின்றி எந்த ஊரும், எந்த வயலும், எந்தப் பொதுநலத்தின் பெயராலும் எடுக்கப்படக்கூடாது. பேடெல்விட்ஸ் கிராமத்தில் பெரும்பாலான வீடுகளைக் கம்பனி வாங்கிய பிறகும் சிலர் வெளியேற மறுத்தார்கள். அவர்களோடு வெளியூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து நின்றார்கள். 2021இல் அந்த ஊர் தப்பியது.

வந்து நின்றவர்களிடம் நீ எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. எம்மையும் கேட்கமாட்டார்கள். கேட்டால், சம்பூர் என்று சொல்வோம்.