வீட்டுக் காவலும் ஊர்க் காவலும்

தறியில் ஏறிய பாவும், குதிரில் இறங்கிய நெல்லும், பெட்டியில் பூட்டிய நாலு சவரன் நகையும் ஒரு குடும்பத்தின் பல வருஷ உழைப்பாகும். அதனை ஒருவன் ஓர் இரவில் எடுத்துச் சென்றுவிடக்கூடும் என்ற எண்ணம் எவருடைய உறக்கத்தையும் கெடுக்கவே செய்யும். ஆகையால் திருடரிடமிருந்து வீட்டையும் குடும்பத்தையும் காத்துக்கொள்வது எவ்வாறு என்று அங்கத்தினர்கள் கேட்பது நியாயமே. நல்ல பூட்டாக வாங்குங்கள் என்று ஒரே வரியில் விடை கூறி ஒதுங்கிவிட நாம் விரும்பவில்லை. பூட்டைப் பற்றியும் சொல்லுவோம். ஆனால் பூட்டுக்கு அப்பாலுள்ள ஒன்றைப் பற்றியே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் கோவலனைச் சிக்க வைக்கும் பொற்கொல்லன், கள்வர் கைக்கொள்ளும் துணைகள் எட்டு என்று காவலரிடம் விரித்துரைக்கிறான். அவற்றுள் மந்திரமும் மருந்தும் நமக்கு வேண்டாம். கடைசியில் அவன் சொல்லும் இடம், காலம், கருவி என்ற மூன்றும் இன்றளவும் மாறவில்லை. திருடன் தேடும் இடம் பெரும்பாலும் வாசற்புறமன்று. கொல்லைக் கதவும், குளியலறைச் சாளரமும், ஓட்டுக் கூரையுமே. அவனுக்கு உகந்த காலம் வீட்டார் கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் போயிருக்கும் காலம். கருவியோ, பல வீடுகளில் வீட்டுக்காரனே கொடுத்து உதவுகிறான்! கொல்லையில் சாய்த்து வைத்த ஏணியும், மாட்டுக் கொட்டிலில் போட்டு வைத்த கடப்பாரையும் யாருக்காகக் காத்திருக்கின்றன?

வாசற் கதவில் தொங்கும் பெரிய பூட்டு, உள்ளே ஆளில்லை என்று தெருவுக்குத் தெரிவிக்கும் விளம்பரம் ஆகிவிடுகிறது. மேலும், பூட்டு உடைவதைவிட நாதாங்கி பெயர்வதே அதிகம். நூறு ரூபாய்ப் பூட்டை இரண்டு மரையாணிகள் மட்டும் தாங்கும் நாதாங்கியில் மாட்டுவதால் பயன் இல்லை. கதவை ஊடுருவிச் சென்று உட்புறம் மரைபோட்டு இறுக்கிய போல்ட்டே நெம்புகோலுக்கு ஈடு கொடுக்கும். கூடுமானால் கதவுக்குள்ளேயே பதித்த பூட்டு நலம். சாவியை மாடக் குழியிலும் தொட்டிச் செடியின் அடியிலும் வைக்கும் வழக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அது திருடனுக்கும் தெரிந்த வழக்கம். வெளியூர் செல்வோர் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுச் செல்லலாம். பக்கத்து வீட்டில் சொல்லாமல் மட்டும் செல்லக்கூடாது.

நகையைப் பொறுத்தவரை, அன்றாடம் அணியாததை வீட்டில் வைத்திருக்க வேண்டிய அவசியம் என்ன? மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்கிகள் உட்படப் பாங்கிகளின் பாதுகாப்புப் பெட்டகங்களுக்கு ரிசர்வ் பாங்கி வகுத்த புதிய விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் நஷ்டம் நேர்ந்தால், பெட்டகத்தின் ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்கு வரை பாங்கி பொறுப்பேற்க வேண்டும். அது நகையின் முழு விலைக்கு ஈடாகாது என்பதையும் நினைவில் கொள்க. 2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கப்படும் ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறி ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அக்குறியையும், பம்புசெட்டு மோட்டாரின் எண்ணையும், படகு எஞ்சினின் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டை வேறொரு வீட்டில் வைத்தல் வேண்டும். பறிபோன பொருள் அகப்பட்டாலும் அது தம்முடையதுதான் என்று காட்ட இயலாமல் தவிப்பது இரண்டாம் முறை திருட்டுக் கொடுப்பதைப் போன்றது.

இவையெல்லாம் தனி வீட்டின் காரியங்கள். பூட்டுப் போட்டுக் காக்க இயலாத உடைமையும் உண்டு. வயலில் நிற்கும் மோட்டாரின் செம்புக் கம்பியை வெட்டிச் செல்வதைத் தடுக்கப் பூட்டு எங்கே இருக்கிறது? ஊர் முழுவதுமே இந்நிலையில் இருப்பதைக் காண வேண்டுமானால், பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே மணல்மேட்டில் அமைந்த லைட்ஹவுஸ் குப்பத்தைப் போன்ற மீனவக் குப்பங்களைப் பார்க்க வேண்டும். நெசவாளருக்கு அந்தப் பகுதி அந்நியமன்று. 1610-ல் டச்சுக்காரர் பழவேற்காட்டில் வந்து அமர்ந்ததும், 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதும் மீனுக்காக அல்ல. அந்நாட்டுத் தறிகளில் நெய்த துணியை வாங்கிக் கீழ்த்திசைத் தீவுகளுக்கு அனுப்புவதற்காகவே. இன்று அங்கே வலையே வாழ்வு. வலையும் படகும் எஞ்சினும் கரையில் கிடப்பவை. கள்வர் விரும்பும் பின்னிரவில்தான் ஆடவர் கடலுக்குக் கிளம்புகின்றனர். குடிசையிலும் சிறு வீட்டிலும் பெண்டிரும் பிள்ளைகளும் முதியோருமே எஞ்சுகின்றனர். கோடையில் காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்து உறங்குவோரும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் அச்சம் இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் அச்சம் காவலாக மாறாமல் வேறொன்றாக மாறுவதையும் பழவேற்காடு கண்டிருக்கிறது. 2018 மே மாதம், வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திறங்கியிருப்பதாக ஒரு வதந்தி வாட்ஸ்அப் வழியாக வட தமிழகம் எங்கும் ஓடியது. அவ்வாண்டில் நாடெங்கும் பரவிய ஒரு காட்சி, உண்மையில் கராச்சியில் குழந்தைகளின் பாதுகாப்பை வற்புறுத்துவதற்காக எடுக்கப்பட்ட சிறு படமாகும். தூக்கிச் சென்ற பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் முடிவை வெட்டி எறிந்துவிட்டு, தூக்கிச் செல்லும் பகுதியை மட்டும் எவரோ பரப்பினர். பழவேற்காட்டில் திரிந்துகொண்டிருந்த, ஊரும் பேரும் தெரியாத, நடுத்தர வயதுடைய ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று கருதி ஒரு கூட்டம் அடித்துக் கொன்று, பாலத்திலிருந்து தொங்கவிட்டது. அவர் மனநலம் குன்றியவர் என்று அன்றைய செய்திகள் கூறின. பலர் கைதாயினர். அதே வாரத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வழி விசாரித்துக்கொண்டு வந்த சென்னைக் குடும்பத்து மூதாட்டி ஒருவர், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காக அடிபட்டு மாண்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் தூலே மாவட்டத்தில், ஒரு சந்தை நாளில், ஐந்து நாடோடிகள் இதே பழியால் கொல்லப்பட்டனர்.

இக்கூட்டங்களில் இருந்தோர் கொலைத் தொழிலர் அல்லர். பிள்ளை குட்டிக்காரர்கள், உழைத்துப் பிழைப்பவர்கள். ஒவ்வொருவரும் தம் வீட்டைக் காப்பதாகவே எண்ணியிருப்பர். அதுவே நம்மைக் கவலைக்குள்ளாக்குகிறது. எல்லோரும் காவலர் என்ற நிலையில், வந்தவர் யார் என்று நிதானமாக விசாரிக்கும் பொறுப்பு எவர் தலையிலும் இல்லாமற் போகிறது. முதலில் கூவியவரின் சொல்லே தீர்ப்பாகிவிடுகிறது. கோவலன் கதையும் இதுதானே? அவன் மதுரைக்குப் புதியவன். அவனை அறிந்தவர் அங்கே அதிகம் இல்லை. ஒருவன் சொன்ன பழி. விசாரணை இல்லாமல் ஓங்கிய வாள். அந்தப் பிழைக்குப் பாண்டியன் தன் உயிரைக் கொடுத்தான்.

சட்டம் வீட்டுக்காரனைக் கைவிட்டுவிடவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆம் பிரிவு, இரவில் வீட்டை உடைத்து நுழைபவனை எதிர்க்கும் உரிமையை, நிலைமை முற்றினால் அவன் உயிருக்கே சேதம் விளையும் அளவுக்கும் வழங்குகிறது. ஆனால் 37-ஆம் பிரிவு அதற்கு வரம்பு கட்டுகிறது: தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமான தீங்கு செய்யக்கூடாது, அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருக்குமிடத்தில் அவ்வுரிமை இல்லை. பிடிபட்டவனைத் தென்னை மரத்தில் கட்டிப்போட்ட மறுகணமே தற்காப்பு தீர்ந்துவிடுகிறது. அதன் பின் விழும் ஒவ்வோர் அடியும் குற்றம். ஐவருக்குக் குறையாத கூட்டம் ஒரே நோக்கத்தோடு குற்றம் இழைத்தால், ஓங்கி அடித்தவர் மட்டுமன்றிக் கூட்டத்தில் சேர்ந்து நின்ற ஒவ்வொருவரும் அக்குற்றத்துக்கு உட்படுவர் என்பது 190-ஆம் பிரிவு. தம் கண்ணெதிரே கடுங்குற்றம் செய்தவனைப் பொதுமக்கள் பிடிக்கலாம். பிடித்தால் தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள், போலீஸாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு கூறுகிறது. இந்த ஆறு மணி நேரத்தை அங்கத்தினர்கள் தம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்தல் நலம். மேற்சொன்ன கொலைகளில் கைதானோருள் இளைஞர் பலர்.

இனி, ஊர்க் காவலை எப்படி அமைப்பது? நம் நாட்டில் பாடிகாவல் என்ற முறை முன்னாளில் இருந்தது. காவற்காரர் ஊரில் கூலி பெற்றனர். திருட்டுப் போனால் பொருளை மீட்டுத் தரவோ ஈடு செய்யவோ கடமைப்பட்டனர். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. நாளடைவில் கூலி கொடாத ஊரிலேயே திருட்டு நடக்கும்படி சில காவற்காரர் பார்த்துக்கொண்டதால், காவலுக்கும் மிரட்டலுக்கும் வித்தியாசம் இல்லாமற் போயிற்று. கூலிக்கு ஒப்படைத்துவிட்டுக் குடும்பத்தார் அனைவரும் உறங்கிய காவலின் கதி அது. இக்காலத்துக் காமிராவையும் நாம் குறைகூறவில்லை. ஆனால் அது நடந்ததைக் காட்டுமேயன்றி நடவாமல் தடுக்க எழுந்து வராது.

நாம் எடுத்துச் சொல்ல விரும்பும் முன்மாதிரி பழவேற்காட்டு ஏரியிலேயே இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவரிடையே 'பாடு' என்ற முறை வழங்கி வருகிறது. ஏரியில் இறால் மிகுதியாகப் படும் இடங்கள் சிலவே. எல்லோரும் ஒருங்கே அங்கு இறங்கினால் வலையோடு வலை சிக்கும். கையோடு கை கலக்கும். ஆகவே, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிடலாம் என்று முறை வகுத்துக்கொள்கின்றனர். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை அதைப் பிறருக்கு விட வேண்டும். போட்டியை முறையாக மாற்றிய இந்த ஏற்பாடு, அச்சத்தையும் முறையாக மாற்றக் கூடியதென்றே நாம் கருதுகிறோம். அதில் குறையும் உண்டு. பாட்டில் இடம் பெறாத பிற மீனவருக்கும் இடம் பெற்றோருக்கும் பிணக்கு நேர்ந்திருக்கிறது. காவற்பாடு போடும் ஊரார் அந்தக் குறையைக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஊரின் கடைசித் தெருவும், நேற்று வந்து குடியேறிய வடநாட்டுத் தொழிலாளர் தங்கும் கொட்டகையும் பட்டியலில் இருத்தல் வேண்டும். பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்படுபவன்மீதே முதற் சந்தேகம் விழுகிறது.

பத்து அல்லது பன்னிரண்டு வீடுகள் ஒரு கூட்டு. ஓர் இரவுக்கு இரண்டு வீடுகள். ஒருவர் தனியாகச் செல்லக்கூடாது. கையில் டார்ச்சு விளக்கும் ஊதலும் போதும்; அரிவாள் வேண்டாம். 2012-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், குடியிருப்புக் காவலர் ஒருவர் கைத்துப்பாக்கியோடு தனியே சென்று, கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த பதினேழு வயதுச் சிறுவனைச் சுட்டுக் கொன்ற செய்தி உலகமெங்கும் பேசப்பட்டது. அத்தகைய காவலைவிடக் காவலின்மையே மேல்.

புதியவர் வந்தால் அன்றிரவு முறைக்காரரே பேச வேண்டும்; மற்றவர் கூடக்கூடாது. யார், எவ்வூர், யாரைப் பார்க்க வந்தீர் என்ற மூன்று கேள்விகளையும், ஐயா, அம்மா என்ற மரியாதையோடு கேட்டல் வேண்டும். தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்துக் கேட்டால் உண்மை விரைவில் வரும். விடை தெளிவில்லையெனில் 112 என்ற எண்ணுக்கும், குழந்தை சம்பந்தப்பட்டதெனில் 1098 என்ற எண்ணுக்கும் தொலைபேசியில் சொல்லலாம். கைப்பேசியில் வரும் பயங்கரச் செய்தியை அன்றைய முறைக்காரரிடம் காட்டாமல் எவரும் பிறருக்கு அனுப்பக்கூடாது என்பதையும் பாட்டின் விதியாக்கலாம்.

பகலெல்லாம் தறியிலும் கழனியிலும் உழைத்தவன் இரவில் விழித்திருப்பதா என்று சிலர் கேட்பர். அறுபது வீடுள்ள தெருவில் மாதம் ஓர் இரவே ஒரு வீட்டின் பங்காகும்; அதுவும் வீட்டார் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளலாம். பெண்களை இதில் விட்டுவிடுவதும் தவறு. கடலோரத்தில் ஆடவர் படகில் இருக்கும் வேளையில் காவல் அவர்களுடையதே. மீன் கூடை சுமந்து ஊர் ஊராகச் செல்லும் பெண்ணுக்கு, வருவோர் போவோர் முகம் தெரிந்த அளவு ஊரில் வேறெவருக்கும் தெரியாது. பகற்பொழுதுப் பாட்டைத் திண்ணைப் பாட்டிமாரிடம் விட்டால் அவர்கள் சம்பளமின்றி இப்போதும் செய்துவரும் வேலைக்கு ஒரு பெயர் கிடைக்கும்!

களவு நடந்தேவிட்டால், உடைந்த கதவையும் கலைந்த பெட்டியையும் தொடாமல் விட்டுப் புகார் கொடுக்க வேண்டும். எந்த எல்லைக்குட்பட்ட குற்றமானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்பதும், முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதும் மேற்சொன்ன நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவில் உள்ளவை.

அடுத்து வரும் பொதுக்கூட்டத்தில் ஒவ்வொரு கிராமத்து அங்கத்தினரும் தத்தம் தெருவுக்குக் காவற்பாட்டுப் பட்டியல் ஒன்று எழுதி வரவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். பட்டியல் சங்கக் கட்டடத்தின் சுவரில் எல்லோரும் காணும்படி ஒட்டப்படட்டும். அமாவாசையை ஒட்டிய இரவுகளை எவரும் விரும்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்; அவற்றை முதல் ஆண்டில் சங்கத் தலைவரும் நிர்வாகக் குழுவினரும் தமக்கென எழுதிக்கொள்ளட்டும்.