வீட்டுப்பாடக் கணக்கை முகம் தெரியாதவர்கிட்ட கேட்கலாமா?

1/ "டாக்டர், பையன் கணக்கு வீட்டுப்பாடத்தை போட்டோ எடுத்து நெட்ல யார் யார்கிட்டயோ கேட்கிறான். போனைப் பிடுங்கிடவா?" பெற்றோர்கள் அடிக்கடி கேட்கிறது இது. பிடுங்க வேண்டாம். எப்படிக் கேட்கிறான்னு முதல்ல பாருங்க.

2/ தெரியாதவங்ககிட்ட கேட்பது கேவலம் இல்ல. 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன், முன்பின் பார்த்திராத கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார். வெறுமனே உதவி கேட்கல. தான் கண்டுபிடிச்ச தேற்றங்களைப் பக்கம் பக்கமா கூடவே வச்சு அனுப்பினார்.

3/ நம்ம பிள்ளைங்க பலர் அனுப்புறது கேள்வியோட போட்டோ மட்டும். கூட "அர்ஜென்ட், ஆன்சர் ப்ளீஸ்". எங்களுக்கு இது பழகினதுதான்: "காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை பேர் மட்டும் சொல்லுங்க டாக்டர்." பாராசிட்டமால் காய்ச்சலைக் குறைக்கும். வந்தது டெங்குவா டைஃபாய்டான்னு அது சொல்லாது.

4/ ஒரு உதாரணம். 1/2 + 1/3 எவ்வளவு? மேலே இருக்கிறதையும் கீழே இருக்கிறதையும் தனித்தனியா கூட்டி 2/5 என்று போடும் பிள்ளைகள் நிறைய. "விடை 5/6" என்று யாராவது சொன்னால் நோட்டில் எழுதிக்குவான். நாளைக்கு 1/4 + 1/5 வந்தா 2/9 என்று போடுவான். நோய் அப்படியே இருக்கு.

5/ அதுவே "நான் 2/5 போட்டேன், எங்க தப்பு?"ன்னு கேட்டான்னா? பார்க்கிறவங்க உடனே பிடிச்சிடுவாங்க: "தம்பி, 2/5 அரையை விடக் குறைவு. அரை தோசையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரையை விடக் குறையுமா?" இந்த ஒரு கேள்வி போதும், ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

6/ விடையைப் பார்த்ததும் "புரிஞ்சிடுச்சு"ன்னு தோணும். அதை நம்பாதீங்க. 2006இல் ரோடிகர், கார்பிக்கி செய்த ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சவங்க 5 நிமிஷத்துல நல்லா சொன்னாங்க. ஒரு வாரம் கழிச்சு, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகினவங்கதான் முன்னாடி இருந்தாங்க. கணக்கிலும் நான் சொல்றது இதுதான்: விளக்கம் கிடைச்சதும் போனை மூடிட்டு, அதே கணக்கை முதல்ல இருந்து போடணும்.

7/ இன்னொண்ணு. பிள்ளை ஏன் வெளியாள்கிட்ட போறான்? வகுப்பில் கை தூக்கினா "இதுகூடத் தெரியாதா?" வீட்ல கேட்டா "டியூஷனுக்கு எதுக்குக் காசு கட்டறோம்?" முகம் தெரியாதவர் திட்ட மாட்டார், அதான் போறான். இதுக்குப் போன் மேல பழி போட்டு என்ன பண்றது?

8/ அதனால் பிள்ளைகளுக்கு மூணு விதி:
• நீ போட்ட வழியையும் சேர்த்து அனுப்பு, தப்பா இருந்தாலும்.
• எந்த வரியில் நின்னுட்டேன்னு சொல்லு.
• பேர், பள்ளி, போன் நம்பர், உன் போட்டோ எதுவும் கொடுக்காதே. "தனியா மெசேஜ் பண்ணு"ன்னு யாராவது சொன்னா அம்மா அப்பாகிட்ட சொல்லு.

9/ பெற்றோருக்கு ஒரே விதி. தப்பான கணக்கைக் காட்டினால் திட்டாதீங்க. "எப்படிப் போட்டே, சொல்லு"ன்னு கேளுங்க. உங்களுக்குக் கணக்கு தெரியணும்னு அவசியமே இல்ல. பாதி பிள்ளைங்க சொல்லிக்கிட்டே வரும்போது தானே தப்பைக் கண்டுபிடிச்சிடுவாங்க.