வாழையும் கம்மங்கதிரும்

அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் இன்றைக்கும் ஒரு பேச்சைக் கேட்கிறேன்: "எங்கள் வம்சத்தில் கலப்பு என்பதே கிடையாது!" பேசுகிறவர் ஊர்ப் பெரிய மனிதர். இதைச் சொன்ன வாயாலேயே மணமக்களை 'வாழையடி வாழையாக' வாழ்த்திவிட்டு உட்காருகிறார். வாசலிலே வாழை மரம். மணப்பெண்ணின் தலையிலே மல்லிகை. இந்த இரண்டுக்கும் கல்யாணமே கிடையாது என்பது அவருக்குத் தெரியுமோ, என்னவோ!

நாம் தின்னும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு விதையில்லை. தாயின் கிழங்கிலிருந்தே பக்கக்கன்று கிளம்புகிறது. அதற்குத் தகப்பன் இல்லை. தாயின் நகல் அது. நம் ஊர் மல்லிகையும் விதை கட்டுவது அபூர்வம். ராமேசுவரத்துக்கு இப்பால் தங்கச்சிமடத்தில் குச்சியை வேர்பிடிக்கவைத்து நாற்றாக அனுப்புகிறார்கள். கலப்பற்ற வம்சம் என்று உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

அந்தச் சுத்தத்துக்கு விலை என்ன? தாயின் குணத்தோடு தாயின் பலவீனமும் அப்படியே வரும். பழனி மலைச்சரிவின் விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து நோய் பிடித்தது. நோய்கண்ட தாயின் கன்றை நட்ட இடமெல்லாம் நோயும் சேர்ந்தே நடப்பட்டது. அதை மரத்துக்கு மரம் சுமந்துபோன அசுவினியோ, ஆண் துணையின்றிப் பெண்ணே பெண்ணைப் பெற்றுத் தள்ளும் பூச்சி! பெயர்பெற்ற அந்த வாழைத் தோட்டங்கள் சுருங்கிப் போயின.

"நாங்கள் என்ன வாழையா? கல்யாணம் செய்துகொள்கிறவர்கள்தானே?" என்பார் பெரியவர். செய்துகொள்கிறீர்கள், ஐயா, யாரை? அக்காள் மகளை, மாமன் மகளை. பாட்டனிடம் மறைந்துகிடந்த ஒரு குறை, தாய்வழி ஒன்றும் தகப்பன்வழி ஒன்றுமாகப் பேரப்பிள்ளையிடம் வந்து கூடும் அபாயம் அங்கேதான் அதிகம்.

நகலெடுப்பது இயற்கையின் பிசகு என்று நான் சொல்லவில்லை. மண்ணும் நீரும் மாறாத இடத்தில் அது லாபந்தான். துணை தேடும் அலைச்சல் இல்லை. மனிதன் கிணற்றுத் தண்ணீரும் மருந்தும் கொடுக்கிறவரை மல்லிகைக்குக் கவலையில்லை. ஆனால் திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் எந்த வருஷம் முந்தின வருஷத்தைப் போல இருந்தது?

அந்தக் காட்டின் கம்மங்கதிரைப் பாருங்கள். ஒரு கதிரில் சூல்முடி முதலில் வெளிவரும். மகரந்தம் பிறகுதான் வரும். அதற்குள் காற்று அடுத்த செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. தன் மகரந்தத்தையே தனக்குக் கட்டித் தலைமுறை தலைமுறையாக வளர்த்தால் பயிர் நொய்ந்துபோகும்.

புல்லுக்குப் பிடிபட்ட இந்தச் சங்கதி பெரியவருக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததோடு நின்றால் பரவாயில்லை. ஜாதி விட்டு மனம் வைத்த பிள்ளைகளை வீட்டைவிட்டுத் துரத்துகிறார்கள். சில இடங்களில் உயிரையே வாங்கிவிடுகிறார்கள். எல்லாம் ரத்தத்தின் சுத்தத்துக்காக என்கிறார்கள். அந்தச் சுத்தம் வாழைக்கு இருக்கிறது, அசுவினிக்கும் இருக்கிறது. மனிதனுக்கு அது என்றைக்கும் இருந்ததில்லை. இல்லாத ஒன்றைக் காப்பாற்ற இருக்கிற பிள்ளையைக் கொல்லுவதற்கு என்ன பெயர் என்று நான் கேட்கிறேன்.