ரோட்டரி கார்: வாங்கிவிடலாம்... ஓடவைப்பது ஏன் கடினம்?

2025 அக்டோபர் இறுதியில் டோக்கியோவில் தொடங்கிய ஜப்பான் மொபிலிட்டி ஷோவில், மஸ்டா நிறுவனம் ‘விஷன் எக்ஸ்-கூபே’ என்ற கான்செப்ட் காரைக் காட்டியது. இரண்டு ரோட்டர்கள், டர்போ, கூடவே மின் மோட்டார். மொத்தம் 510 குதிரைத்திறன். விற்பனைக்கு வந்த கார் அல்ல, வெறும் காட்சி மாடல்தான். ஆனாலும் இந்த அறிவிப்பைக் கூர்ந்து கவனித்த ஒரு சின்னக் கூட்டம் உண்டு. 30, 40, 50 ஆண்டுப் பழைய ரோட்டரி கார்களை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள்தான் அவர்கள்.

புது கார் வாங்கும் ஆசையில் அவர்கள் பார்க்கவில்லை. ரோட்டரி எஞ்சின் செய்யத் தெரிந்த தொழிற்சாலை இன்னும் எத்தனை நாள் இயங்கும் என்பதுதான் அவர்கள் கவலை. அது நின்றால், வீட்டில் நிற்கும் கார் ஒருநாள் வெறும் காட்சிப்பொருளாகிவிடும்.

அப்படி என்ன இருக்கிறது இந்த எஞ்சினில்? மற்ற பழைய கார்களுக்கு இல்லாத சிக்கல் இதற்கு மட்டும் ஏன்?

ரோட்டரி எஞ்சின் எப்படி வேலை செய்கிறது?

சாதாரண கார் எஞ்சினில் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வரும். அந்த அசைவைச் சுழற்சியாக மாற்ற கனெக்டிங் ராட், கிராங்க் ஷாஃப்ட் வேண்டும். காற்றை உள்ளே விட, புகையை வெளியே தள்ள வால்வுகள் வேண்டும்.

ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெல் உருவாக்கிய ரோட்டரி எஞ்சினில் இது எதுவும் கிடையாது. நடுவில் இடுங்கிய நீள்வட்டம் போன்ற அறைக்குள், பக்கங்கள் புடைத்த முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று சுற்றும். அதன் மூன்று முனைகளும் எப்போதும் அறையின் சுவரை உரசிக்கொண்டே இருக்கும். காற்றை இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, வெளியேற்றுவது என நான்கு வேலைகளும் அந்த ஒரே சுற்றில் முடிந்துவிடும்.

பாகங்கள் குறைவு, எடை குறைவு, அதிர்வு மிகக் குறைவு. 1957-ல் ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்தில் முதல் சோதனை எஞ்சின் ஓடியபோது, பிஸ்டன் எஞ்சினின் காலம் முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

சரி, சிக்கல் எங்கே?

அந்த மூன்று முனைகளில்தான்.

ஒவ்வொரு முனையிலும் ‘ஏபெக்ஸ் சீல்’ எனப்படும் மெல்லிய பட்டை ஒன்று இருக்கும். பிஸ்டனுக்கு ரிங் என்ன வேலை செய்கிறதோ, அதே வேலைதான் இதற்கும். ஒரு பக்கம் எரியும் வாயு அடுத்த பக்கம் கசியாமல் இது தடுக்க வேண்டும். அதே நேரம், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகளில் சுவரை உரசியும் கீறாமல் இருக்க வேண்டும். சீல் தேய்ந்தால் கம்ப்ரஷன் போய்விடும். உடைந்தால் அந்தத் துண்டு ரோட்டரையும் சுவரையும் சேர்த்தே நாசம் செய்யும்.

1961-ல் என்எஸ்யூவிடம் உரிமம் வாங்கிய மஸ்டா (அன்று டோயோ கோக்யோ) ஹிரோஷிமாவில் சோதனைகளைத் தொடங்கியதும், எஞ்சின் சுவர்களில் வரிவரியாகத் தழும்புகள் விழுந்தன. பொறியாளர்கள் அவற்றுக்கு வைத்த பெயர் ‘சாத்தானின் நகக்கீறல்’. கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பேர் கொண்ட குழு பல ஆண்டுகள் போராடி, கார்பனையும் அலுமினியத்தையும் சேர்த்த புது சீலை உருவாக்கியது. அதன் பிறகே 1967 மே மாதம் ‘காஸ்மோ ஸ்போர்ட்’ விற்பனைக்கு வந்தது. 1972 வரை தயாரான மொத்த கார்கள் 1,176 மட்டுமே.

அதே 1967-ல் என்எஸ்யூ கொண்டுவந்த ‘ஆர்ஓ 80’ கதை வேறு. 1968-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதை வென்ற கார் அது. ஆனால் சீல் பிரச்சினை முழுதாகத் தீரும் முன்பே அது சாலைக்கு வந்துவிட்டது. ஆரம்பத்தில் விற்ற பல கார்களில் 50,000 கிலோமீட்டர் தாண்டும் முன்பே எஞ்சினை மாற்ற வேண்டிவந்தது. எதிரெதிரே வரும் ஆர்ஓ 80 உரிமையாளர்கள், இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றியிருக்கிறோம் என்பதை விரல்களை உயர்த்திக் காட்டிக்கொள்வார்கள் என்று ஜெர்மனியில் ஒரு கிண்டலே உண்டு.

வாரண்டியில் எஞ்சின் மாற்றிக் கொடுத்தே நிறுவனம் தளர்ந்தது. 1969-ல் ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் போனது.

மூன்று நிறுவனங்கள், மூன்று முடிவுகள்

ஒரு பழைய காரின் ஆயுள் உரிமையாளரின் அக்கறையை மட்டும் பொறுத்தது என்று நினைப்போம். ரோட்டரி கார்களின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

பிரான்ஸின் சிட்ரோயன் 1973-ல் ‘ஜிஎஸ் பைரோட்டர்’ என்ற ரோட்டரி காரைக் கொண்டுவந்தது. எண்ணெய் நெருக்கடி வெடித்த நேரம். பெட்ரோலை அதிகம் குடிக்கும் காரை யார் வாங்குவார்கள்? 847 கார்களோடு கதை முடிந்தது. பிறகு நிறுவனம் எடுத்த முடிவுதான் விசித்திரம். இத்தனை குறைவான கார்களுக்காக ஆண்டுக்கணக்கில் உதிரிபாகம் தயாரித்துத் தர வேண்டியிருக்குமே என்று, விற்ற கார்களைத் திரும்ப வாங்கி நொறுக்க முயன்றது. விற்க மறுத்தவர்களின் கார்கள்தான் இன்று மிச்சம்.

ஆர்ஓ 80 பிழைத்தது, ஆனால் பாதி உயிரோடு. 1977-ல் தயாரிப்பு நிற்கும் வரை 37,000-க்கும் மேற்பட்ட கார்கள் வந்திருந்தன. எஞ்சினோடு மல்லுக்கட்ட முடியாத பலர், ரோட்டரியைக் கழற்றிவிட்டு ஃபோர்டின் வி4 பிஸ்டன் எஞ்சினைப் பொருத்திக்கொண்டார்கள். வெளியே ஆர்ஓ 80, உள்ளே வேறு ஒன்று.

மஸ்டா மட்டும்தான் நிற்காமல் தொடர்ந்தது. 1978 முதல் 2002 வரை மூன்று தலைமுறை ஆர்எக்ஸ்-7 கார்கள் 8 லட்சத்துக்கு மேல் விற்றன. 1991-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை நான்கு ரோட்டர் கொண்ட 787பி கார் வென்றது. 2012-ல் ஆர்எக்ஸ்-8 தயாரிப்பு நின்ற பிறகும், ஆர்எக்ஸ்-7-ல் இருந்த 13பி எஞ்சினுக்கான பாகங்களை ஹிரோஷிமாவில் ஸ்பேராகத் தயாரித்துவந்தது. இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7-க்காக, நின்றுபோன சில பாகங்களை அண்மை ஆண்டுகளில் மீண்டும் கொண்டுவந்தது.

ஆக, மூன்று கார்களிலும் ஒரே தொழில்நுட்பம், ஒரே பலவீனம். எந்தக் கார் ஓடும், எது நிற்கும் என்பதைப் பெருமளவு தீர்மானித்தது, நிறுவனம் உதிரிபாகத்தை என்ன செய்தது என்பதுதான்.

மற்ற பழைய கார்களுக்கும் இதே நிலைதானே?

முழுக்க இல்லை. பழைய பிஸ்டன் எஞ்சின் தேய்ந்துபோனால் நல்ல லேத் பட்டறை போதும். சிலிண்டரை ‘ரீபோர்’ செய்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டு மீண்டும் ஓட்டலாம்.

ரோட்டரியில் அந்த வழி இல்லை. 13பி எஞ்சினில், ரோட்டர் சுற்றும் அலுமினிய ஹவுசிங்கின் உள்சுவரில் எஃகுத் தகடு பதித்து, அதன்மேல் குரோம் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு உரிந்தால் அல்லது ஆழமாகக் கீறல் விழுந்தால், பொதுவாக ஹவுசிங்கையே மாற்றியாக வேண்டும். வடிவத்தைக் கடைந்து பெரிதாக்கினால் சீல் பொருந்தாது. புது ஹவுசிங்கோ தொழிற்சாலையிலிருந்துதான் வர வேண்டும்.

அதனால்தான் ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவருக்குப் பிழைக்க வழி இருக்கிறது. காஸ்மோ ஸ்போர்ட் வைத்திருப்பவர் தவிக்கிறார். அதன் ஆரம்பகால எஞ்சினின் பல பாகங்கள் பின்னால் வந்த மஸ்டா ரோட்டரிகளுக்குப் பொருந்தாது.

வைத்திருப்பவர் தினமும் என்ன பார்க்கிறார்?

முதலில் எண்ணெய். சீல்கள் வறண்டுபோகாமல் இருக்க, எஞ்சினே கொஞ்சம் எண்ணெயை எரியும் அறைக்குள் அனுப்பும். அது அதன் வடிவமைப்பு, பழுது அல்ல. எனவே பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பது இவர்கள் பழக்கம். சிலர் கூடுதல் பாதுகாப்புக்கு டூ-ஸ்ட்ரோக் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, குளிர்ந்த எஞ்சின். ஷெட்டிலிருந்து காரை நாலடி நகர்த்திவிட்டு உடனே ஆஃப் செய்வது சாதாரண காரில் பெரிய விஷயமில்லை. ரோட்டரியில் அதுதான் வினை. எரியாமல் தங்கும் பெட்ரோல், சீல் மேலிருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். அடுத்த முறை சாவி போட்டால் கம்ப்ரஷன் இருக்காது, வண்டி ஸ்டார்ட் ஆகாது. பிளக்குகளைக் கழற்றித் துடைத்து, பெட்ரோல் வருவதை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றி, உள்ளே இருப்பதை வெளியேற்ற வேண்டும். ஸ்டார்ட் செய்தால் சூடாகும் வரை ஓடவிடு என்பதுதான் இங்கே பாலபாடம்.

மூன்றாவது, சூடு. இரும்புத் தட்டு, அலுமினிய ஹவுசிங், மறுபடி இரும்புத் தட்டு என்று அடுக்கி, நீளமான போல்ட்டுகளால் இறுக்கிக் கட்டியதுதான் 13பி எஞ்சின். ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலும் இரண்டு உலோகங்களும் வேறுவேறு அளவில் விரிந்து, நடுவிலுள்ள கூலன்ட் சீல்கள் போய்விடலாம். ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது.

பழைய ரோட்டரி கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சோதனை மிக முக்கியம். கம்ப்ரஷன் பார்க்க ரோட்டரிக்கென்றே தனிக் கருவி உண்டு. ஒரு ரோட்டருக்கு மூன்று பக்கம் இருப்பதால் மூன்று அளவுகள் தனித்தனியாக வர வேண்டும். சாதாரண கேஜ், மூன்றில் உச்சமாக இருப்பதை மட்டும் காட்டும். ஒரு சீல் செத்திருந்தாலும் ‘நல்லாத்தான் இருக்கு’ என்றுதான் சொல்லும்.

அரசுகள் எப்படிப் பார்க்கின்றன?

இங்கேதான் ரோட்டரி பிறந்த நாடும் வளர்ந்த நாடும் பிரிகின்றன.

ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்து, பெருமளவு அசல் நிலையில் நன்றாகப் பராமரிக்கப்பட்ட காருக்கு ‘எச்’ எழுத்துடன் வரலாற்று நம்பர் பிளேட் கிடைக்கும். எஞ்சின் அளவு எதுவானாலும் ஆண்டு வரி சுமார் 192 யூரோதான். மாசு கட்டுப்பாட்டு மண்டலங்களுக்குள் நுழையவும் விலக்கு உண்டு. தொழில்நுட்பப் பாரம்பரியமாகப் பார்க்கும் பார்வை இது.

ஜப்பானில் நிலைமை தலைகீழ். முதல் பதிவிலிருந்து 13 ஆண்டு தாண்டிய பெட்ரோல் காருக்கு ஆண்டு வாகன வரி சுமார் 15% கூடும். எடை வரியும் 13-ஆம் ஆண்டிலும் 18-ஆம் ஆண்டிலும் உயரும். ரோட்டரிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வரிக்காக அதன் எஞ்சின் அளவை 1.5-ஆல் பெருக்குவார்கள். ஆர்எக்ஸ்-7-ன் 1,308 சிசி, வரிப் புத்தகத்தில் 1,962 சிசி ஆகிறது. 39,500 யென்னாக இருந்த வரி, வயது ஏறியதும் 45,400 யென்.

ஜப்பான் அரசின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பழைய ரோட்டரி அதிகம் பெட்ரோல் குடிக்கும், முழுதாக எரியாத புகையைக் கக்கும். மக்கள் சுத்தமான புது காருக்கு மாற வேண்டும் என்பதே வரியின் நோக்கம். ஆனால் தினமும் ஊர் சுற்றும் பழைய காரையும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் காரையும் அந்த வரி ஒரே தட்டில் வைக்கிறது.

2027-ல் என்ன நடக்கும்?

அமெரிக்காவில் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தாத வெளிநாட்டுக் காரைக்கூட, தயாரித்து 25 ஆண்டு ஆகிவிட்டால் இறக்குமதி செய்யலாம். மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 அங்கே 1993 முதல் 1995 வரையிலான மாடல்களாக மட்டுமே விற்றது. ஜப்பானில் 2002 வரை வந்தது. கடைசியாக வந்த ‘ஸ்பிரிட் ஆர்’ பதிப்பு 1,500 கார்கள்தான். 2027-ல் அவையும் 25 வயதைத் தொடுகின்றன.

உள்நாட்டில் வயதுக்கு அபராதம், வெளிநாட்டில் வயதுக்கு வரவேற்பு. இப்படி இருந்தால் கார் எந்தப் பக்கம் நகரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. காரோடு உதிரிபாகத் தேவையும் கடல் தாண்டும்.

புது ரோட்டரி பழைய காரைக் காப்பாற்றுமா?

நேரடியாக இல்லை. 2023-ல் எம்எக்ஸ்-30 காரில் மின்சாரம் தயாரிக்கும் ஜெனரேட்டராக வந்த 830 சிசி ஒற்றை ரோட்டர் எஞ்சினின் அளவுகளே வேறு. 13பி ரோட்டரின் ஆரம் 105 மில்லிமீட்டர், இதில் 120. ஏபெக்ஸ் சீலின் தடிமன் 2 மில்லிமீட்டரிலிருந்து 2.5 ஆகியிருக்கிறது. ஒரு சீலைக்கூட மாற்றிப் போட முடியாது.

ஆனால் ஹவுசிங் வார்க்க, உள்சுவரில் பூச்சு ஏற்ற, சீலை நுண்ணளவில் தீட்டத் தெரிந்த கைகள் வேலையில் இருக்கும். 2024 பிப்ரவரியில் மஸ்டா ரோட்டரிக்கென மேம்பாட்டுக் குழுவை மீண்டும் அமைத்ததை, பழைய கார் வைத்திருப்பவர்கள் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓய்வுபெறப் போகும் தொழிலாளியிடமிருந்து அடுத்தவர் கற்றுக்கொள்ள, லைனில் ஏதோ ஒரு ரோட்டரி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

விஷன் எக்ஸ்-கூபே ஷோரூமுக்கு வந்தால், பழைய ஆர்எக்ஸ்-7-ஐ வைத்திருப்பவரில் எத்தனை பேரால் அதை வாங்க முடியும் என்பது வேறு கணக்கு. அது வந்தால் ஹிரோஷிமாவில் அந்த லைன் நிற்காது. அவருக்கு அது போதும்.