ஆராய்ச்சி மணியின் கயிறு



கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்த கதையைப் பாலர் வகுப்பிலேயே நாம் கேட்டிருக்கின்றோம். திருவாரூர் மனுநீதிச் சோழனுடைய கதையாகச் சேக்கிழார் அதனைப் பெரியபுராணத்திற் பாடினார். அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளன்மேல் ஏற்றி மகாவமிசமும் அதனைக் கூறுகின்றது. கதையைக் கேட்கும் நாம் அரசனது நீதியையே வியக்கின்றோம். பசுவின் செயலை எண்ணுவதில்லை. "அரசகுமாரனோடு நமக்கேன் வழக்கு?" என்று அது கொட்டிலுக்குத் திரும்பவில்லை. நேரே சென்று கயிற்றைப் பற்றியது. அந்தப் பசுவுக்கு இருந்த தெளிவு, பட்டம் பெற்ற எனக்கு ஒரு சமயத்தில் இல்லாமற் போயிற்று. அதனைச் சொல்லவே இவ்வாரம் பேனாவை எடுத்தேன்.

எங்கள் ஒழுங்கையிலே தச்சுத் தொழில் செய்யும் அன்பர் ஒருவர் இருக்கின்றார். சில ஆண்டுகளுக்கு முன்னர், வேலை முடிந்து மாலை மங்கும் வேளையிற் சைக்கிளில் வந்த அவரை, பின்னால் வந்த வான் ஒன்று மோதி வீழ்த்திற்று. வலக்கை மணிக்கட்டு முறிந்தது. வான் சாரதி நீதவான் நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டு குற்றப்பணம் செலுத்தினார். அதன்பின் வானின் உரிமையாளர் பழங்களோடும் முப்பதாயிரம் ரூபாவோடும் தச்சர் வீட்டுக்கு வந்தார். தச்சர் என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், நீங்கள் சொல்லுறபடி செய்யிறன்" என்றார்.

"உம்முடைய சைக்கிளில் விளக்கு இருந்ததோ?" என்று கேட்டேன்.

"இல்லை மாஸ்டர்."

"அப்படியாயின் பிழை உம்மிலும் உண்டு. வழக்கு நில்லாது. தருவதை வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போம்" என்றேன். அம்மட்டோடு நின்றேனா? "இனி யாதொரு உரித்தும் கோரேன்" என்ற கடிதத்தையும் நானே நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தேன். வலக்கை கட்டுப் போட்டிருந்தபடியால் அவர் இடக்கைப் பெருவிரலை அதிற் பதித்தார்.

எலும்பு கோணலாகப் பொருந்தியது. சீவுளி பிடித்த கை பின்னர் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கவும் நடுங்கியது. இன்னொரு சத்திர சிகிச்சை வேண்டும் என்றனர் வைத்தியர். அவருடைய மூத்த மகன் என் மாணவன். உயர்தர வகுப்பை விட்டு ஒரு கராச்சில் வேலைக்குச் சேர்ந்தான். வகுப்பில் அவன் இருந்த இடம் வெறுமையாய் இருந்த அன்றே எனக்கு உறைத்தது. தச்சரை அழைத்துக்கொண்டு, என்னிடம் முன்னர் படித்த சட்டத்தரணி ஒருவரிடம் சென்றேன். அவர் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியை வாங்கித் திகதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சேர், விபத்து நடந்து இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆகிவிட்டன" என்றார்.

என் பிழைகளை அவர் மரியாதையாகவே எடுத்துக் கூறினார். அவை உங்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகின்றேன்.

முதலாவது பிழை, குற்றப்பணத்தோடு காரியம் முடிந்தது என்று எண்ணியது. நீதவான் நீதிமன்றத்திற் சாரதி செலுத்தும் குற்றப்பணம் அரசாங்கத்துக்குப் போவது. அந்நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கும்படி கட்டளையிடவும் கூடும். எனினும் காயமடைந்தவர் தம் முழு நட்டத்தையும் கோருவதற்குரிய இடம் மாவட்ட நீதிமன்றமாகும். ஒன்று தண்டனை, மற்றையது ஈடு. இரண்டும் வெவ்வேறு.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். சொத்துரிமைகள் பலவற்றுக்கு நாம் தேசவழமையைத் தேடுகின்றோம். காயத்துக்கான நட்டஈட்டுக்கோ நாடு முழுவதற்கும் உரோமன் டச்சுச் சட்டமே அடிப்படை. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரோடு வந்த சட்டம் அது. அதன் வேர் பண்டை உரோமாபுரியின் அக்குவீலியச் சட்டத்தில் இருக்கின்றது. ஒருவர் தமது கவனக்குறைவினால் மற்றொருவருக்கு விளைத்த நட்டத்தை ஈடுசெய்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். வைத்தியச் செலவு, இழந்த உழைப்பு, இனி இழக்கப்போகும் உழைப்பு, பட்ட வேதனை ஆகிய யாவும் கணக்கில் வரும். சாரதி தம் எசமானுடைய வேலையில் இருந்தாராயின் எசமானும் பொறுப்பாளியாவார்.

இரண்டாவது பிழை, அந்த விளக்கு. தம்மிலும் பிழை உண்டானால் ஒன்றும் கிடையாது என்று நான் கருதினேன். 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. இருவரிலும் பிழை இருப்பின் நீதிமன்றம் அதனைப் பங்கிட்டு, காயமடைந்தவரின் பங்குக்கு ஏற்ப நட்டஈட்டைக் குறைக்கும். நட்டம் பத்து இலட்சம் ரூபா, அவருடைய பிழை காற்பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஏழரை இலட்சம் அவருக்கு உரியது. விளக்கில்லாத சைக்கிள் அவருடைய உரிமையைக் குறைத்திருக்கலாம். அதனை முற்றாக அழித்தவன் நான்.

மூன்றாவது பிழை காலத்தைப் பற்றியது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, இத்தகைய வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்துவிடல் வேண்டும். "அந்தக் கடிதத்தை எதிர்த்தேனும் வாதாடிப் பார்த்திருக்கலாம், சேர். காலத்தை எதிர்த்து என்ன வாதாடுவது?" என்றார் என் மாணவர்.

ஆகவே, அன்பர்களே, இத்தகைய இடர் நேருமாயின் செய்ய வேண்டியவை இவை. வாகனத்தின் இலக்கத்தையும் கண்டவர்களின் பெயர் விலாசங்களையும் அன்றே எழுதி வையுங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியைப் பெறுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு உட்படுங்கள். வைத்தியசாலைச் சீட்டுகள், எக்ஸ்ரேப் படங்கள், மருந்துப் பற்றுச்சீட்டுகள் ஒன்றையேனும் எறிந்துவிடாதீர்கள். மாதச் சம்பளமில்லாத தொழிலாளர், வேலைக்கணக்கு எழுதிய கொப்பியைப் பத்திரப்படுத்துங்கள். உழைப்பு இவ்வளவு என்று காட்ட அதுவே சான்று. காயம் முற்றாக ஆறி, அதன் விளைவு தெரியுமுன், முடிவான தொகை என்று எழுதிய எந்தத் தாளிலும் ஒப்பமிடாதீர்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் ஒப்பமிடாதீர்கள்.

வான்காரர் வசதியற்றவர் என்று கேட்டுக் கைவிடவும் வேண்டியதில்லை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ், தெருவில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாம் ஆள் காப்புறுதி கட்டாயமாகும். ஆயினும் தீர்ப்புப் பணத்தைக் காப்புறுதிக் கம்பனியிடம் பெறுவதானால், வழக்குத் தொடுக்குமுன்னரோ தொடுத்து ஏழு நாட்களுக்குள்ளோ அக்கம்பனிக்கு அறிவித்தல் கொடுத்திருத்தல் வேண்டும். மோதியது அரசாங்கத் திணைக்களத்து வாகனமாயின், வழக்குக்கு ஒரு மாதம் முன்னரே சட்டமா அதிபருக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். இத்தகைய நுட்பங்களுக்காகவே சட்டத்தரணி வேண்டியிருக்கின்றார். பிரக்கிராசி, அப்புக்காத்து என்று எங்கள் பாட்டன்மார் அழைத்த இரு வகுப்பினரையும் 1973 ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் சட்டத்தரணி என்ற ஒரே வகுப்பாக்கியது. எவரிடம் சென்றாலும் கட்டணத்தை முதலிலேயே கேட்டுத் தெளியுங்கள். கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். வைத்தியசாலை வாசலில் வந்து நிற்கும் தரகரை நம்பாதீர்கள்.

பணமில்லாதவர் என்ன செய்வது? 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கின்றது. நாட்டின் பல நகரங்களிலும் அதற்கு நிலையங்கள் உண்டு. வருமானம் குறைந்தவர்க்கு ஆலோசனை கூறவும், அவர்களுக்காக வழக்காடவும் ஏற்பட்டதே அந்த ஆணைக்குழு. அதன் படியேறுவதில் யாதொரு இழிவும் இல்லை.

தச்சர் இன்று சிறு வேலைகளை இடக்கையாற் செய்கின்றார். மகன் மாலை வேளைகளில் என் வீட்டுக்கு வந்து படிக்கின்றான்; மீண்டும் பரீட்சைக்குத் தோற்றுவான். அது நான் பட்ட கடனுக்கு ஈடாகாது என்பதை அறிவேன். தச்சர் ஒருநாளும் என்னைக் குறைகூறவில்லை. கண்ட இடத்தில் முன்போலவே "மாஸ்டர்" என்று சால்வையை எடுக்கின்றார். அதைக் காட்டிலும் பெரிய தண்டனை எனக்கு வேறில்லை.

சமாதானம் நல்லதுதான். ஆனால் தமக்கு உரியது இன்னது என்று அறிந்தபின் ஒருவர் விட்டுக்கொடுப்பதே சமாதானம். அறியாமையால் இழப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் யோசனை கேட்டு வருவார். அப்பொழுது, என்னைப்போல் உடனே விடை கூறிவிடாது, சட்டம் தெரிந்தவரிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள். ஆராய்ச்சி மணி இன்றும் தொங்குகின்றது. அதன் கயிற்றின் நீளம் மட்டும் இரண்டு ஆண்டுகளே.